இரண்டு வருகைப் பதிவேடுகள்

எங்கள் மதரஸாவின் அலமாரியில் 2021–22ஆம் ஆண்டின் வருகைப் பதிவேட்டை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். பழைய பதிவேடுகளை நெடுநாள் காத்து வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. இதை மட்டும் கழித்துப் போடக் கை வரவில்லை. அதில் ஒரு மாணவனின் பெயருக்கு நேரே நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாதங்களும் ஏறத்தாழ இடைவெளியின்றி வருகைக் குறி இட்டிருக்கிறேன். அதே நான்கு மாதங்களுக்கு உரிய பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவன் ஒரு நாள்கூட வகுப்பில் இருந்ததாகக் குறிப்பில்லை. இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஒரு தெருவும் ஒரு தேநீர்க் கடையும்தாம் உண்டு.

திருச்சிராப்பள்ளியில் பாலக்கரைப் பக்கம் குடியிருக்கும் அன்பர்களுக்கு எங்கள் பகுதியின் காலை நேரம் தெரிந்திருக்கும். ஃபஜ்ருத் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில், தலையில் தொப்பியும் கையில் கைதாவுமாகப் பிள்ளைகள் மதரஸாவுக்கு வரத் தொடங்குவார்கள். ஓதி முடித்து வீட்டுக்கு ஓடிச் சீருடை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் செல்வார்கள். கொரோனாவால் நெடுங்காலம் அடைபட்டிருந்த பள்ளிகள் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதி திறக்கப்பட்டன. அதையொட்டி எங்கள் காலை வகுப்பும் பழைய ஒழுங்குக்கு வந்தது. ஏழாம் வகுப்பில் படிக்க வேண்டிய அந்த மாணவனும் வந்தான். நல்ல குரல் அவனுக்கு; எழுத்துகளை அவற்றுக்குரிய இடத்திலிருந்து ஒலிப்பான். நான் அவனைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

2022 மார்ச் மாதத்தில் ஒரு நாள் உறையூர் செல்லும் வழியில் என் வண்டியின் சக்கரம் காற்றிழந்தது. தள்ளிக்கொண்டு அருகிலிருந்த பட்டறைக்குப் போனேன். உள்ளேயிருந்து கரி அப்பிய கைகளோடு வந்த சிறுவன், "அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத்" என்றான். காலையில் என்னிடம் ஓதிவிட்டுப் போன அதே பிள்ளை. நேரம் பகல் பதினொன்று. பதில் ஸலாம் சொன்னேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. அவன் சக்கரத்தைக் கழற்றி, கிழிந்த இடத்தைத் தேய்த்து ஒட்டி, மாட்டிக் கொடுத்தான். காசு வாங்க மறுத்துவிட்டான்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். அவனுடைய வகுப்பாசிரியை என்னைக் கண்டு வியந்து, "அந்தப் பையன் உங்களிடம் முழுநேரமாக ஓதச் சேர்ந்துவிட்டதாக அல்லவா பக்கத்து வீட்டார் சொன்னார்கள்!" என்றார். எங்களிடமோ அவன் பள்ளிக்குப் போகிறான் என்பதில் ஐயமே எழவில்லை. சீருடை அணியும் வயதுப் பிள்ளை, மதரஸாவை விட்டு எட்டரை மணிக்குக் கிளம்பினால் வேறெங்கே போவான் என்று நினைத்திருந்தேன். கேட்டிருக்கலாம். நான்கு மாதத்தில் ஒரு நாள், "நேற்று பள்ளியில் என்ன பாடம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

வாசகப் பெருமக்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அதுநாள் வரை எங்கள் ஜமாஅத்துக்கும் அந்தப் பள்ளிக்கும் தொடர்பே இல்லாமல் இருந்ததா என்றால், அப்படியும் இல்லை. சுதந்திர தினத்தன்று மிட்டாய் வழங்குவோம். மீலாது விழாவுக்குத் தலைமையாசிரியரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். இரண்டு மின்விசிறிகளும் ஒரு பீரோவும் அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறோம். அந்த மின்விசிறியின் இறக்கைகளில் கொடுத்தவர் பெயரை எழுதியிருந்தார்கள். மின்சாரம் நின்றால்தான் பெயரைப் படிக்க முடியும்! இவற்றையெல்லாம் நான் இகழவில்லை. பிள்ளைகளுக்குக் காற்று வந்தது. ஆனால் இத்தனை கொடுக்கல் வாங்கலிலும் ஒரு மாணவன் நான்கு மாதம் காணாமற்போனதை இரு தரப்பாரும் பேசிக்கொள்ள வாய்ப்பு அமையவில்லை. நாங்கள் பொருளைப் பரிமாறிக்கொண்டோமே தவிர, பிள்ளைகளைப் பற்றிய செய்தியைப் பரிமாறிக்கொள்ளவில்லை.

நம் முன்னோர் கல்விக்குச் செய்த பணி சிறியதன்று. வாணியம்பாடியில் 1901ஆம் ஆண்டிலேயே முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றிற்று. அதன் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. எங்கள் திருச்சியில் ஜமால் முஹம்மது சாகிப், காஜாமியான் ராவுத்தர் ஆகிய இரு பெருமக்களின் கொடையால் 1951இல் உருவான ஜமால் முஹம்மது கல்லூரியில்தான் நானும் வரலாறு படித்துப் பட்டம் பெற்றேன். என்னைப் போன்று, மதரஸாப் படிப்போடு பட்டப்படிப்பும் பெற்ற பலரைப் பெற்றெடுத்த கல்லூரி அது. ஆயினும், கல்விப் பணி என்றாலே நாமே கட்டி நாமே நடத்தும் நிறுவனம் என்னும் எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிற்று. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது நாம் கட்டாத பள்ளிகளில். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். பள்ளி செல்லும் வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாக்களில் பயில்வோர் ஏறத்தாழ 3 சதவீதமே என்கிறது அது. காலையிலும் மாலையிலும் ஓதிவிட்டுப் பொதுப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை முழுநேர மதரஸா மாணவர்களோடு சேர்த்துக் குழப்பக் கூடாது என்றும் அது எடுத்துரைக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து 1950இல் திருச்சிக்கு வந்த அப்துல் கலாம் படித்தது ஏசு சபையார் நடத்தும் தூய வளனார் கல்லூரியில். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து பின்னாளில் எழுத்தாளர் சுஜாதாவாகப் புகழ்பெற்ற ரங்கராஜன் அதே கல்லூரியில் அவரோடு ஒருசாலை மாணாக்கர். எங்கள் ஊரில் கல்வி எப்போதும் இப்படிக் கலந்துதான் நடந்து வந்திருக்கிறது.

பொதுப்பள்ளியை ஊராரே தாங்கிய காலமும் தமிழகத்தில் இருந்தது. காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் விளங்கிய 1950களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் எடுப்பார்கள். பிறகு ஊரார் கூடி, இன்னார் பெஞ்சு, இன்னார் கரும்பலகை, இன்னார் சுற்றுச்சுவர் என ஏற்றுக்கொள்வார்கள். 1956இல் தொடங்கிய மதிய உணவும் முதலில் ஊராரின் அரிசியையும் காசையும் நம்பியே உலையேறியது. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். தம் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது எங்கள் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். அதன் பிறகு சோற்றுப் பொறுப்பு முழுவதும் அரசைச் சேர்ந்தது, நன்மையே. ஆனால் பள்ளிக்கும் ஊருக்கும் இடையில் இருந்த அந்தப் போக்குவரத்து மெல்லக் குறைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தேவைப் பட்டியலை முதலில் பள்ளியிடம் கேட்டார்களே, அதைத்தான் நாங்கள் மறந்திருந்தோம்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஸ்ரீரங்கத்திலிருந்து நாள்தோறும் ஒன்றாம் எண் பேருந்தில் வந்து போகிறவர். நானும் முத்தவல்லியும் போய் அமர்ந்து, "எங்களால் என்ன ஆக வேண்டும் அம்மா, சொல்லுங்கள்" என்றோம். கணினி கேட்பார், நாற்காலி கேட்பார் என்று முத்தவல்லி மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் கேட்டவையோ வேறு. "உங்கள் மதரஸாப் பிள்ளைகள் முதல் பாடவேளையில் தூங்கி விழுகிறார்கள். பாதிப்பேர் சாப்பிடாமல் ஓடி வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழப் போனால் திரும்பி வருவதில்லை. இந்த இரண்டுக்கும் வழி செய்தால் அதுவே பெரிய அன்பளிப்பு" என்றார்.

வெளியே வந்ததும் முத்தவல்லி, "காசாகக் கேட்டிருந்தால் இன்றைக்கே முடிந்திருக்கும் ஹஜ்ரத்!" என்றார். அவர் சொன்னது வேடிக்கையாக; ஆனால் அதிலிருந்த உண்மை அடுத்த இரண்டு மாதங்களில் எங்களுக்கு விளங்கிற்று. எட்டரை வரை நடந்த வகுப்பை ஏழரைக்கு முடிப்பதென்றால் ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? தலைமுறைகளாக வந்த வழக்கத்தை ஒரு பள்ளிக்காக மாற்றுவதா என்றார் ஒருவர். பள்ளிக்கூடம் தன் நேரத்தை மாற்றட்டுமே என்றார் இன்னொருவர். இறுதியில், பெரிய பிள்ளைகளுக்கு அரைமணி நேரத்தை அஸருக்குப் பின் தள்ளினோம். எஞ்சிய அரைமணியை விட்டுக்கொடுத்தோம். ஜும்ஆவில் குத்பாவுக்கு முந்திய பயானைச் சுருக்கி, பிள்ளைகள் மதிய மணி அடிக்குமுன் வகுப்பில் இருக்கும்படி நேரம் வகுத்தோம். பயானைச் சுருக்குமாறு ஓர் இமாமிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை இமாம்களோடு பழகியவர்கள் அறிவார்கள்! பின்னாளில், 2023 ஆகஸ்டில், அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் காலையுணவுத் திட்டம் விரிந்தபோது, எங்கள் சிறு பிள்ளைகளும் வேளையோடு போய்ச் சூடாக உண்ண முடிந்தது. எட்டரை மணி வகுப்பு நீடித்திருந்தால் அந்த உணவு அவர்களுக்கு எட்டாமலே போயிருக்கும்.

பள்ளியின் தரப்பில் ஒரே ஒரு கடமையை ஏற்றுக்கொண்டார்கள். தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளைகளின் பெயர்களை வியாழக்கிழமைதோறும் ஒரு தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புவார்கள். எங்களில் இருவர் அந்தந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு வருவோம். எங்களிடம் ஓதும் பிள்ளை மதரஸாவுக்கு வராவிட்டால் நாங்களும் பள்ளிக்குச் சொல்வோம். முதல் தாளில் ஆறு பெயர்கள் இருந்தன. ஆர்வமிக்க இளவல் ஒருவர், "ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டால் பெற்றோருக்கு உறைக்கும்" என்றார். செய்தி எப்படியோ தலைமையாசிரியையின் காதுக்கு எட்டிற்று. மறுநாளே அவர் வந்து, "அப்படியானால் தாள் இனி வராது" என்று சொல்லிவிட்டார். வறுமையால் வராத பிள்ளையின் பெயரை ஊரறிய வாசிப்பது அந்தக் குடும்பத்தை அவமதிப்பதாகும் என்றார். பிறர் குறையை மறைப்பது பற்றி மேடைதோறும் பேசுகிற எங்களுக்கு அவர் அதை நினைவூட்ட வேண்டியிருந்தது. தாள் இன்றுவரை என் சட்டைப் பையைத் தாண்டிப் போவதில்லை.

2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் எங்கள் தெருப் பெண்ணொருத்தி தன்னார்வலராகச் சேர்ந்திருந்தாள். மாலையில் பிள்ளைகளை அமர்த்த இடமின்றி வீட்டு வாசலில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் எங்கள் மதரஸாக் கூடம் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்துவிட ஜமாஅத் ஒப்பியது. அந்தப் பெண்ணுக்குக் கணக்குப் பாடத்தில் துணை வேண்டியிருந்தது. தலைமையாசிரியை, தமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் அவர் வீடு. காவிரிப் பாலத்தைப் பலமுறை கடந்திருக்கிறேன். தொப்பியும் ஜிப்பாவுமாக அந்த வீதியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது அதுவே முதல் முறை. திண்ணையில் அமரவைத்து, காப்பி கொடுத்து, "ஹஜ்ரத் என்றுதானே பிள்ளைகள் கூப்பிடுவார்கள்? நானும் அப்படியே கூப்பிடுகிறேன்" என்றார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பணியிலிருந்தபோது அறிவொளி இயக்கத்தில் பாடம் சொன்னவர் அவர். கல் உடைக்கும் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு சாலையில் சென்ற காட்சியை அன்று கண்டதுபோல் விவரித்தார். பேச்சினிடையே, "எங்கள் கோயிலில் உங்கள் வீட்டுப் பெண் இருக்கிறாள், தெரியுமோ? துலுக்க நாச்சியார். அவளுக்கு நைவேத்தியம் ரொட்டியும் வெண்ணெயும்தான்" என்று சிரித்தார். அந்தக் கதையின் வரலாற்றைப் பற்றி நான் ஏதும் பேச வரவில்லை. நம் கொள்கை நமக்கு உண்டு. ஒரு முதியவர் அந்நியன் ஒருவனை வீட்டு மனிதனாக்கிக்கொள்ளத் தம்மிடமிருந்த கதையை எடுத்து நீட்டினார் என்றே அதை ஏற்றுக்கொண்டேன்.

அவர் வருவதற்கு எங்கள் பக்கத்தில் எதிர்ப்பு எழாமலில்லை. மதரஸாக் கூடத்தில் மாற்று மதத்தவர் பாடம் நடத்தலாமா என்று கேட்டார்கள். நான் பத்ருப் போரை நினைவூட்டினேன். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நடந்த அப்போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளுள் எழுத்தறிந்து, மீட்புப் பணம் செலுத்த இயலாதோர், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வாளோடு எதிர்த்து வந்தவரிடமே கல்வியைப் பெறலாமென்றால், பேருந்துச் செலவைத் தாமே ஏற்று வரும் முதியவரிடம் பின்னம் கற்பதில் என்ன தடை? அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. வாரம் மூன்று நாள் வருவார். மஃரிபு பாங்குக்குச் சற்று முன் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார். 2022 நவம்பரில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டபோது, இனி வரமாட்டார் என்றே எண்ணினேன். சுற்றுவழியில் வந்தார், அரைமணி தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டார்.

2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். 2012இல் செய்த திருத்தத்தால் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது. "நமக்கில்லாத சட்டத்தைப் பற்றி நமக்கென்ன?" என்று நம்மவர் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மதரஸாவுக்கு இல்லைதான், அதில் ஓதும் பிள்ளை அடுத்த ஒரு மணி நேரத்தில் உட்காரும் பள்ளிக்கு அது உண்டல்லவா? என் துணைவியார் ஐந்து தாய்மார்களை அழைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். அவர்களுள் இருவர் குழுவில் இடம்பெற்றனர். முதல் கூட்டத்திலேயே அதிகம் படித்திராத ஒரு தாய், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுந்து சொன்னார். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராததற்கு நாங்கள் ஆண்கள் கண்டுபிடித்து வைத்திருந்த காரணங்கள் எத்தனை எத்தனை! தாழ்ப்பாள் ஒரு வாரத்தில் வந்தது. எங்கள் பொன்னாடைச் செலவில் பத்துத் தாழ்ப்பாள் வாங்கியிருக்கலாம்.

எல்லாம் நலமே நடந்ததாக எழுதினால் அது பொய்யாகும். அடுத்த ஆண்டுப் பணிமாறுதலில் தலைமையாசிரியை வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டார். வியாழக்கிழமைத் தாள் நின்றது. புதிதாக வந்தவருக்கு இந்த ஏற்பாடே தெரியாது. நாங்களும் எழுதி வைக்கவில்லை. இரண்டு மனிதர்களின் நல்லெண்ணத்தில் ஓடிய வண்டி, ஒருவர் இறங்கியதும் நின்றுவிட்டது. மூன்று மாதம் வீணாயிற்று. பிறகு மேலாண்மைக் குழுவின் தீர்மான ஏட்டிலும் ஜமாஅத்தின் ஏட்டிலும் ஒரே வாசகத்தை எழுதி, இரு தரப்பிலும் இருவரிருவரைப் பொறுப்பாக்கினோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். பிற ஊர்களில் இம்முயற்சியில் இறங்குவோர், கணினி வாங்குமுன் ஒரு குறிப்பேடு வாங்குவார்களாக.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். அவன் அத்தாவுக்குக் கொரோனாக் காலத்தில் வேலை போயிருந்தது. வட்டிக் கடன் இருந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்று பட்டறைக்காரருக்கும் எடுத்துச் சொன்னோம். அவர் உடனே விட்டுவிட்டார். ஜமாஅத்தின் ஸகாத் நிதியிலிருந்து கடனில் ஒரு பகுதியை அடைத்தோம். மாற்றுச் சான்றிதழ் முதலிய எதுவும் தேவையில்லை, வயதுக்குரிய வகுப்பில் நேரே வந்து உட்காரலாம் என்றார் தலைமையாசிரியை. பதினோரு நாள் போனான். விட்டுப்போன பாடங்கள் புரியாமல், தன்னைவிடச் சிறியவர்கள் முன்னே ஓடுவதைக் கண்டு கூசி நின்றுவிட்டான். பதினான்கு நிறைந்ததும் மீண்டும் பட்டறைக்கே போய்விட்டான். அவன் தங்கை தொடர்ந்து படிக்கிறாள். அவள் பெயர் வியாழக்கிழமைத் தாளில் ஒருமுறைகூட வந்ததில்லை.

எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், அதில் தேறினால் தொழிற்பயிற்சி நிலையத்தில் சில பிரிவுகளில் சேரலாம் என்று ஸ்ரீரங்கத்துக் கணக்காசிரியர்தான் விசாரித்து வந்து சொன்னார். இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் அவன் மதரஸாக் கூடத்துக்கு வருகிறான். விண்ணப்பத்துக்கு நிழற்படம் எடுக்க வேண்டும் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். பட்டறைச் சட்டையோடு வருவான் என்று நினைத்தேன். பெட்டியில் தேடித் தன் பழைய பள்ளிச் சீருடைச் சட்டையை எடுத்து, துவைத்துத் தேய்த்து அணிந்து வந்திருந்தான். மார்பில் பொத்தான் எட்டவில்லை. தோளுக்கு மேலே உள்ள பகுதி மட்டும் படத்தில் வருமாறு எடுக்கச் சொல்லிப் படக்காரரிடம் கேட்டுக்கொண்டோம்.